நூலக வரி ரசீது

கிராமத்தில் வீட்டு வரி ரசீதை முழுசாகப் படித்துப் பார்க்கிறவர்கள் குறைவு. பணத்தைக் கட்டினோமா, சீல் விழுந்ததா, மடித்து டிரங்குப் பெட்டியில் போட்டோமா, அவ்வளவுதான். ஒருதடவை எடுத்துப் பாருங்கள். வீட்டு வரிக்குக் கீழே 'நூலக வரி' என்று தனியாக எழுதியிருக்கும். வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா. 1948ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் வைத்த வரி இது. சுதந்திர இந்தியாவில் பொது நூலகத்துக்கென்று ஒரு மாகாணம் போட்ட முதல் சட்டம் அதுதான் என்று பெருமையாகச் சொல்வார்கள். பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஊர்க்காரன் மாடி வீட்டுக்கும் அந்த வரி உண்டு, நம்ம காலனி வீட்டுக்கும் உண்டு. சேரிக்காரன் கட்டினது என்று அந்தப் பைசாவை யாரும் தண்ணி தெளித்து வாங்குவதில்லை. எல்லாம் ஒரே கணக்கில்தான் சேர்கிறது. ஆனால் அந்தக் காசு புத்தகமாகத் திரும்பி வரும்போது மட்டும் தெரு பார்த்து வருகிறது.

அரசாங்கம் அந்த நூலகத்துக்கு வைத்திருக்கிற பேரே 'ஊர்ப்புற நூலகம்'. சேரிப்புற நூலகம் என்று ஒன்று கிடையாது. வைத்தவர்கள் அப்படி நினைத்து வைக்கவில்லைதான். கிராமப்புறம் என்கிற அர்த்தத்தில் வைத்தது. ஆனாலும் பேருக்கு ஏற்ற மாதிரியே பல இடங்களில் அது ஊருக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. பஞ்சாயத்து ஆபீசை ஒட்டி, கோயிலை ஒட்டி, பெரிய வீட்டுக்காரர் வாடகைக்கு விட்ட திண்ணையை ஒட்டி. நம்ம புள்ளைகள் புத்தகம் எடுக்க வேண்டுமென்றால் முதலில் அந்தத் தெருவைத் தாண்ட வேண்டும். "எங்கடி போற?" என்று திண்ணைக்குத் திண்ணை கேள்வி வரும். பொம்பளைப் புள்ளையாக இருந்தால் கேள்வி இன்னும் ரெண்டு கூடும். நூலகம் எல்லாருக்கும் திறந்துதான் இருக்கிறது. அதற்குப் போகிற வழி திறந்திருக்கிறதா என்று எந்த ரிஜிஸ்தரிலும் பதிகிறதில்லை.

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். 2002, நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். நூலகத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வீட்டுக்குப் புத்தகம் எடுத்துப் போக உறுப்பினராகணும். அதற்கு ஒரு பாரம், அதில் ஜாமீன் கையெழுத்து. வீட்டு வரி கட்டுகிற ஒருத்தர் போட வேண்டும் என்றார் அங்கே இருந்தவர். சொல்லிவிட்டு அவரே, "உங்க அப்பா வேலை செய்யிற வீட்டுல கேட்டு வாங்கிட்டு வா" என்றார். அப்பா போய்க் கேட்டார். மொதலாளி திட்டவில்லை, விரட்டவில்லை. சிரித்துக்கொண்டே, "பொட்டப் புள்ளைக்கு எதுக்குடா, அறுப்பு முடியட்டும் பாப்போம்" என்றார். அறுப்பு முடிந்தது. அடுத்த நடவும் வந்தது.

ஒருநாள் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போனார். செருப்பை வாசலிலேயே விட்டார், அது அவருக்குப் பழக்கம். மடியிலிருந்து ஒரு ரசீதை எடுத்து மேசை மேல் வைத்தார். "வரி கட்டுறவங்க போடணும்னீங்களாம். இது நாங் கட்டுனது. இதுல நூலக வரின்னு போட்டிருக்குதுன்னு எம்பொண்ணு படிச்சுக் காட்டிச்சி. நானே போடுறேன்" என்றார். அந்த ஆள் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டத்தில் அவருக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. பாரத்தை நீட்டினார். அப்பா கோணல் மாணலாகக் கையெழுத்துப் போட்டார். நூறுநாள் வேலை வருகிறதற்கு முந்தின காலம் அது. அவர் கையெழுத்துக்கு ரேஷன் கடையைத் தவிர வேறெங்கும் வேலை இருந்ததில்லை.

பிறகு எம்.ஏ. தமிழ் படிக்கச் சென்னைக்கு வந்தேன். விடுதியில் ஒரு அறைக்கு எத்தனை பேர் என்று ஆதிதிராவிடர் விடுதிகளில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படிக்க மேசை கிடையாது, ஃபேன் சுற்றாது. ஒரு சீனியர் அக்காதான் "கன்னிமாராவுக்குப் போடி" என்றார். எழும்பூர் பாந்தியன் சாலையில் மியூசியம் வளாகத்துக்குள் இருக்கிறது. உள்ளே உட்கார்ந்து படிக்க ஜாமீன் வேண்டாம். பையை வாசலில் வைத்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய் உட்காரலாம். எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. பாடப் புத்தகத்துக்குத் தனிப் பிரிவு, பத்திரிகைக்குத் தனிப் பிரிவு, பார்வையற்றவர்களுக்குப் பிரெய்ல் பிரிவு, ஆட்சிப்பணித் தேர்வு எழுதுகிறவர்களுக்குத் தனி இடம். திருவண்ணாமலையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் வந்து டிபன் பாக்ஸோடு நாள் முழுக்க உட்கார்ந்திருந்த புள்ளைகளில் பாதிப் பேருக்கு அது புத்தகம் எடுக்கிற இடம் என்பதைவிட மேசையும் வெளிச்சமும் கிடைக்கிற இடம். இதைச் சிலர் இளக்காரமாகப் பேசுவார்கள். வீட்டில் படிப்பறை இருக்கிறவர்கள் பேசுகிற பேச்சு அது. கோட்டூர்புரத்தில் 2010ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவே ஒரு பிரிவு வைத்தார்கள். அந்தக் கட்டிடத்தைக் குழந்தைகள் ஆஸ்பத்திரியாக மாற்றுவோம் என்று 2011ல் அரசு அறிவித்தபோது கோர்ட்டுக்குப் போய்த்தான் அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. கிடைத்த மேசையைக் காப்பாற்றவும் ஒரு போராட்டம்.

கன்னிமாராவின் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். கம்பெனி அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்த கல்லூரி இங்கிலாந்தில் ஹெய்லிபரியில் இருந்தது. அங்கே மிஞ்சின புத்தகங்களை 1860களில் சென்னைக்கு அனுப்ப, மியூசியத்தோடு ஒட்டிக்கொண்டு தொடங்கிய நூலகம் இது. 1896ல்தான் கவர்னர் கன்னிமாரா பேரில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். ஆள வந்தவன் படித்து மிச்சம் வைத்ததுதான் அஸ்திவாரம். 1950ல் அது மாநில மைய நூலகம் ஆனது. 1954 சட்டப்படி இந்தியாவில் எங்கே புத்தகம் அச்சானாலும் ஒரு பிரதி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்றும் ஆனது. கல்கத்தா, பம்பாய், டெல்லி, அப்புறம் சென்னை.

பழைய காகிதம் நமக்கு எதற்கு என்று இயக்கத்துக்குள்ளேயே கேட்கிறவர்கள் உண்டு. செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் பறையர் நிலைமையைப் பற்றி எழுதிய அறிக்கையும், அதையொட்டி 1892 செப்டம்பர் 30ல் வந்த 1010ஆம் எண் அரசாணையும் காகிதம்தான். நூறு வருஷம் கழித்து அந்தக் காகிதத்தைத் தேடி எடுத்து ஊர் ஊராகச் சொன்ன பிறகுதான் பஞ்சமி நிலம் என்கிற சொல் மறுபடியும் நம்ம வாயில் வந்தது. 1994 அக்டோபர் 10ல் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கிற போராட்டத்தில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். ரெண்டு உயிருக்குப் பின்னால் இருந்தது ஒரு காகிதம். அது எந்த அடுக்கில் இருக்கிறது என்று தெரிந்தவன் அதுவரைக்கும் வாயைத் திறக்கவில்லை. தெரியாத நாம் நம்ம நிலத்திலேயே கூலிக்கு நடவு நட்டோம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அயோத்திதாசர் 1907ல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' அடுத்த வருஷமே 'தமிழன்' என்று பேர் மாறி, 1914ல் அவர் சாகிறவரைக்கும் வாராவாரம் வந்தது. எம்.ஏ. வரைக்கும் தமிழ் படித்த எனக்குப் பாடத்தில் அவர் பேர் ஒருதடவைகூட வரவில்லை. இன்றைக்கு நாம் வாசிக்கிற அயோத்திதாசர், அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைக் கட்டிக் காத்ததால் வந்தவர். 1999ல் ஞான அலாய்சியஸ் தொகுத்துப் பாளையங்கோட்டையிலிருந்து புத்தகமாக வந்த பிறகுதான் பல்கலைக்கழகங்கள் முழித்துக்கொண்டன. அரசாங்கத்திடம் அவ்வளவு பெரிய நூலகம் இருந்தும், நம்ம வரலாறு யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் கரையானுக்குத் தப்பித்துத்தான் வர வேண்டியிருந்தது.

இதை நூலகத்தின் மேல் மட்டும் போட்டுவிட்டுப் போக முடியாது. 1990களில் அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி எத்தனை இதழ்கள் வந்தன! 'நிறப்பிரிகை', 'தலித்', 'கோடாங்கி' என்று பேர் தெரிந்தவை கொஞ்சம். ரெண்டு இதழோடு நின்றுபோனவை, தட்டச்சு செய்து உருட்டி எடுத்தவை, மாநாட்டில் விற்ற துண்டுப் பிரசுரங்கள் கணக்கில் அடங்காது. சிறுபத்திரிகைகளில் பலவற்றின் அட்டையில் 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று போட்டிருக்கும். பதிவு செய்யப் பணமும் கிடையாது, போலீசுக்குப் பதில் சொல்லப் பொறுமையும் கிடையாது. அந்த ரெண்டு சொல் நம்மைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் பதிவில்லாத இதழை நூலகம் தேடி வருவதில்லை. நாமும் அனுப்புவதில்லை. அப்படி ஒரு தலைமுறையின் எழுத்து தனிச்சுற்றிலேயே சுற்றி நின்றுவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? புத்தகம் வெளிவந்த 30 நாளுக்குள் வெளியிட்டவர் தன் செலவில் அந்த நான்கு நூலகத்துக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். தவறினால் 50 ரூபாய் வரை அபராதம், கூடப் புத்தகத்தின் விலை. அபராதத்துக்குப் பயந்து யாரும் அனுப்பப் போவதில்லை. நாம் அனுப்ப வேண்டியதற்குக் காரணம் வேறு. அம்பேத்கர் தாதரில் ராஜகிருகம் கட்டியது தன் புத்தகங்களுக்காக. நாம் எல்லோரும் ராஜகிருகம் கட்ட முடியாது. நம்ம காசில் நடக்கிற ஒரு வீடு பாந்தியன் சாலையில் இருக்கிறது, அதில் நம்ம சாமான் இருக்க வேண்டாமா?

தோழர்கள் மூன்று வேலை செய்யலாம். புத்தகம் போடுகிறவர்கள் முதல் கட்டுப் பிரிக்கும்போதே நான்கு பிரதிகளைத் தனியாக எடுத்து வையுங்கள். தனிச்சுற்று இதழாக இருந்தாலும் ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு எழுத்தில் கேளுங்கள். ரெண்டாவது, 2006க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் பஞ்சாயத்துக்கு ஒரு நூலகம் கட்டினார்கள். பல இடத்தில் அது பூட்டிக் கிடக்கிறதை நானே பார்த்திருக்கிறேன். உங்கள் ஊர்ச் சாவி யாரிடம் இருக்கிறது, நூலக வரி எவ்வளவு வசூலானது என்று கிராம சபையில் கேளுங்கள். வாய் வார்த்தையாகச் சொல்லி மழுப்பினால் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிப் போடுங்கள். மூன்றாவது, சேரியில் படிக்கிற ஒவ்வொரு புள்ளையையும் உறுப்பினராக்குங்கள். ஜாமீனுக்கு ஊர்த்தெருவுக்குப் போக வேண்டாம். வரி கட்டுகிறவர்கள் நம்ம தெருவிலேயே இருக்கிறார்கள்.