நான்கு வாரம், நான்கு திடல்

பிள்ளைகள் வேலைக்காகக் கோலாலம்பூர் போய்விட்டார்கள். சென்ற மாதம் வார இறுதிகளில் நானும் மனைவியும் காற்பந்து பார்க்கக் கிளம்பினோம்.

முதல் வாரம் லாபு, அடுத்து ரந்தாவ், பிறகு பகாவ். மூன்றும் தோட்டத் திடல்கள். லயன்கள் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. கோயிலும் திடலும்தான் மிச்சம். ஆடும் பிள்ளைகள் தாமான்களிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள்.

மனைவி தோட்டத்தில் பிறந்தவள். அந்நாளில் பெண்பிள்ளைகள் திடலோரம் நிற்கக்கூடாது; அண்ணன்மார் ஆட்டத்தைக் குழாயடியிலிருந்தே எட்டிப் பார்த்தவள். இப்போது கோட்டோரம் நாற்காலி போட்டு, "பந்தைக் கொடுடா தம்பி!" என்று கத்துகிறாள்.

நான்காம் வாரம் சிரம்பான், பாரோயில் உள்ள துவாங்கு அப்துல் ரஹ்மான் அரங்கம். 2009இல் மலேசியக் கிண்ணம் வென்ற நெகிரி செம்பிலான் அணியில் நம் எஸ்.குணாளன் ஆடினார். 2011இலும் கிண்ணம் நெகிரிக்கே வந்தது.

"விளக்கு, கூட்டம் எல்லாம் இருக்கு. ஆனா பேர் சொல்லிக் கூப்பிட இங்கே நம்ம பிள்ளை ஒருத்தனும் இல்லையே" என்றாள் மனைவி.

வாசகர்களே, உங்கள் பழைய தோட்டத்தில் திடல் இன்னும் இருந்தால், ஒரு ஞாயிறு மாலை இருவருமாகப் போய்வாருங்கள். பார்க்க ஆளிருந்தால் பிள்ளைகள் ஆடுவார்கள். அவர்கள் ஆடும்வரைதான் அது திடல்.