முழு நைட் விடும் நேரம்

என் தம்பி மகள் நாலு வருஷம் ஒரகடத்தில் கார் உதிரிபாக ஆலை ஒன்றில் வேலை பார்த்தாள். போன மாதம் அதை விட்டுவிட்டு, தோழி ஒருத்தியோடு சேர்ந்து ஆலோசனைத் தொழில் தொடங்கியிருக்கிறாள். முதல் வேலை ராஜ்கோட்டில், ஒரு பவுண்டரியில். வார்ப்பில் கழிவு அதிகமாகிறதாம், ஏனென்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள், “பெரியப்பா, நீங்க முப்பது வருஷம் இதே வேலைதானே பார்த்தீங்க? என்னென்ன எடுத்துட்டுப் போகணும், சொல்லுங்க” என்று நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள். பெட்டியில் வைப்பதைத்தான் கேட்டாள். நானும் பெட்டியில்தான் ஆரம்பித்தேன்.

பெட்டி ஒன்று போதும். அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏற முடிய வேண்டும். சின்ன ஊர் லாட்ஜுகளில் லிஃப்ட் இருக்கும், ஓடாது. நாலு முழம் கொடிக்கயிறு, சலவை சோப்பு, துண்டு, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு, சங்கிலியும் பூட்டும். ரயிலில் கீழ்ப் படுக்கைக்கு அடியில் அதற்கென்றே வளையம் வைத்திருக்கிறார்கள், பாதிப் பேருக்குத் தெரியாது. சேஃப்டி ஷூ சொந்தமாக இருக்கட்டும். ஆலையில் விருந்தாளிக்கென்று தருகிற ஷூ எனக்கு ஒருநாளும் கால் அளவுக்கு அமைந்ததில்லை, உன் காலுக்கு நிச்சயம் அமையாது. பவுண்டரிக்குள் பருத்திதான் உடுத்த வேண்டும். உருகிய இரும்பின் பொறி பட்டால் பருத்தி கருகும். பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். துப்பட்டாவை அறையிலேயே வைத்துவிட்டுப் போ.

இதையெல்லாம் எழுதிக்கொண்டாள். டிக்கெட் பேச்சு வந்ததும், “அதெல்லாம் போன்லயே போட்டுக்கலாம் பெரியப்பா” என்றாள். போடலாம். இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது. தட்கல் என்றால் முந்தின நாள், ஏ.சி.க்குக் காலை 10 மணி, மற்றதற்கு 11. இதெல்லாம் அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்தது திரும்புகிற டிக்கெட்டைப் பற்றி. கடைசிக் கூட்டம் முடிகிற நாள் சாயங்காலமே ரயிலையோ விமானத்தையோ பிடிக்கிற மாதிரி போட்டுவிடாதே. கூட்டத்தில் முதலாளி தலையாட்டுவார், மேனேஜர் குறிப்பெடுப்பார். எல்லாரும் எழுந்து போன பிறகு, ஸ்டோர் கீப்பரோ கணக்குப்பிள்ளையோ கார் வரைக்கும் கூடவே நடந்து வந்து, “சார், ஒரு விஷயம்...” என்று இழுப்பார். அந்த நேரத்தில் நீ கடிகாரத்தைப் பார்த்தால், அந்த விஷயம் அவர் வாயிலேயே நின்றுவிடும். மறுநாள் காலைக்கு டிக்கெட் போடு. ஓர் இரவு வாடகைதான் கூடும்.

ராஜ்கோட்டும் கோவையும் தூரத்துச் சொந்தம் மாதிரி. இரண்டும் பம்ப்செட், எஞ்சின், வார்ப்படம் என்று வளர்ந்த ஊர்கள். கோவையிலிருந்து ராஜ்கோட்டுக்கே வாரம் ஒரு ரயில் ஓடுகிறது என்றால் காரணம் இல்லாமல் இல்லை. விமானத்தில் போனால் 2023இல் திறந்த ஹிராசர் விமான நிலையம் ஊருக்கு வெளியே வெகு தூரம், அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள். முக்கியமாக, அங்கே தீபாவளி முடிந்தும் கடையும் ஆலையும் உடனே திறக்காது. அவர்களுக்கு மறுநாள்தான் புத்தாண்டு. லாப பஞ்சமி அன்றுதான் பெரும்பாலும் நல்ல நேரம் பார்த்துத் தொழிலைத் தொடங்குவார்கள். அந்த வாரம் போனால் வாட்ச்மேனைத்தான் பேட்டி எடுக்க முடியும். திருப்பூரும் அப்படித்தான். பொங்கலுக்கு முன்னும் பின்னும் எடுத்த உற்பத்திக் கணக்கை நம்பி ஒரு வரி எழுதக் கூடாது. இப்போது ஆட்களில் பலர் பீகாரும் ஒடிசாவும் என்பதால், ஹோலியையும் சத் பூஜையையும்கூட நாட்காட்டியில் வட்டம் போட்டு வைக்க வேண்டும்.

ரயிலில் ஏறினால் தொழில் பேச்சு பேசாதே. ஒருமுறை சென்னையிலிருந்து கோவைக்கு நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்துகொண்டிருந்தேன். எதிர்ப் படுக்கையில் டை கட்டிய பையன் ஒருவன், போனில் யாரிடமோ, இன்ன பனியன் கம்பெனிக்கு இன்ன பையர் ஒரு டஜனுக்கு இவ்வளவுதான் கொடுக்கிறான், இதில் அவர்களுக்கு எங்கே நிற்கும் என்று விலாவாரியாகப் பேசினான். பக்கத்து சைடு லோயரில் வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்தபடி இருந்தார். கால் மணி நேரமாகப் பக்கம் புரளவில்லை. பையன் திருப்பூரில் இறங்கினான், பெரியவரும் இறங்கினார். அந்த ரயிலில் அந்தத் தொழிலைச் சேராதவர்கள்தான் குறைவு என்பது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

தங்குவதற்கு முதலாளி கெஸ்ட் ஹவுஸ் கொடுப்பார். அன்போடுதான் கொடுப்பார். முடிந்தவரை வேண்டாமென்று சொல்லிவிடு. அவர் வீட்டுச் சமையல்காரர் கையால் மூன்று வேளை சாப்பிட்டு, அவர் டிரைவரின் காரில் போய் இறங்கினால், ஷெட்டில் ஒருவரும் உன்னிடம் வாயைத் திறக்க மாட்டார்கள். உனக்கும் ரிப்போர்ட் எழுதும்போது கை கொஞ்சம் தயங்கும். எனக்குத் தயங்கியிருக்கிறது. ஊருக்குள் நல்ல லாட்ஜாகப் பார்த்துத் தங்கி, தொழிலாளர்கள் வருகிற பஸ்ஸில் போ. நான் அவளிடம் இதைச் சொன்னபோது என் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: “அவ பொண்ணு. கண்ட லாட்ஜுல தங்கச் சொல்றீங்களே!” அதுவும் நியாயம். ரயில் நிலையத்துக்குப் பக்கம், ராத்திரி முழுக்க ஆள் இருக்கிற வரவேற்பு, உள்ளே தாழ்ப்பாள் சரியாக விழுகிற அறை. இதற்காக இருநூறு ரூபாய் கூடக் கேட்டாலும் கொடு. தனியாக ராத்திரி ஷிப்ட் பார்க்கப் போகாதே, தோழியோடு போ. ஆனால் போ.

ராத்திரி ஷிப்ட் என்றதும்தான் அந்த நூல் மில் ஞாபகம் வந்தது. அதை இதுவரை வீட்டில் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

1987. உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில். எனக்கு அப்போது முப்பது கூட ஆகவில்லை. செலவைக் குறைக்க வழி சொல்ல வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். கணக்கைப் பார்த்தேன், கரண்ட் பில் கண்ணை உறுத்தியது. ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டும் மாதாமாதம் யூனிட்டைக் குறைக்க வேண்டும், குறைப்பவர்களுக்குப் பரிசு என்று எழுதிக் கொடுத்தேன். முதலாளிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மூன்று மாதத்தில் பில் நன்றாகவே இறங்கியது. எலக்ட்ரீஷியனுக்கு எவர்சில்வர் குடம் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் நானும் இருக்கிறேன்.

மாசி மாதம் மறுபடி கூப்பிட்டார்கள். ரிங் ஃபிரேமில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது, அதுவும் முழு நைட்டில். மில்லில் பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்று மூன்று. நள்ளிரவு தொடங்கிக் காலை 8 மணிக்கு விடுவது முழு நைட். நான் ரிஜிஸ்டர்களை வாங்கி, நூறு ஸ்பிண்டில் மணிக்கு எத்தனை அறுப்பு என்று கட்டம் போட்டேன். 2 மணி வரைக்கும் சரியாக இருக்கிறது, அதற்குப் பிறகு ஏறுகிறது, காலையில் இறங்குகிறது. பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். விடிகாலை 2 மணிக்கு மனுஷனுக்குத் தூக்கம் வரும். ஃபிரேமைப் பார்த்துக்கொள்ளும் சைடர்கள் தூங்குகிறார்கள், அறுந்த நூலை உடனே ஒட்டுவதில்லை, பஞ்சு சேர்ந்து பக்கத்து நூலையும் அறுக்கிறது. படம் போட்டு அழகாக எழுதினேன். மேற்பார்வையை இறுக்கச் சொன்னேன். இரண்டு சைடர்களை ரிங் ஃபிரேமிலிருந்து எடுத்து மிக்ஸிங்கில் பேல் பிரிக்கப் போட்டார்கள்.

அந்த ரிப்போர்ட் முழுக்க லாட்ஜ் அறையில் உட்கார்ந்து எழுதியது. முழு நைட்டை நான் ஒருநாளும் நேரில் பார்த்திருக்கவில்லை.

அறுப்பு குறையவில்லை. ஒரு நாள் பஸ் சீக்கிரம் கொண்டுபோய் விட்டுவிட்டதால், 8 மணிக்கு முன்பே மில் கேட்டுக்கு எதிர் டீக்கடையில் நின்றேன். சங்கு ஊதி, முழு நைட் ஆட்கள் வெளியே வந்தார்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்த பெரியவர் என்னைப் பார்க்காமலேயே சொன்னார்: “பாருங்க தம்பி, ஒவ்வொருத்தன் தலையும் இலவம்பஞ்சுக் காய் வெடிச்ச மாதிரி இருக்குது. தை மாசம் வரைக்கும் இப்படி இல்லீங்க. ராத்திரி மூணு மணிக்கு மேல பஞ்சு மூஞ்சிலேயே பறக்குதுங்கறானுங்க.” பார்த்தேன். புருவத்தில், காது மடலில், மீசையில் வெள்ளை வெள்ளையாக. அரை நைட் ஆட்களை முந்தின ராத்திரி பஸ் ஸ்டாண்டில் பார்த்திருந்தேன். அவர்கள் தலையில் இவ்வளவு இல்லை.

காற்றில் ஈரம் குறைந்தால் பஞ்சு பறக்கும், நூல் முறுகி அறும். இது மில்லில் கடைநிலை ஆளுக்கும் தெரிந்த சங்கதி. அன்று ராத்திரி 1 மணிக்கே உள்ளே போய், சுவரில் மாட்டியிருந்த ஈரமானிக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு வெப்பமானி: ஒன்று சும்மா, இன்னொன்றின் குமிழில் ஈரத்துணி. 32, 26. இரண்டுக்கும் இடைவெளி 6 டிகிரி என்றால் ஈரப்பதம் 60 சதவீதம்போல, சரியான அளவு. 2 மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த ஒரு சத்தம் நின்றது. அது நின்ற பிறகுதான் அப்படியொரு சத்தம் இருந்ததே தெரிந்தது. 4 மணிக்கு 33, 24. ஈரப்பதம் பாதிக்கும் கீழே. எலக்ட்ரீஷியன் காற்றுக்கு ஈரம் கொடுக்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டை நிறுத்திவிட்டு, காலையில் மேனேஜர் வருவதற்குள் மறுபடி போட்டுவந்திருக்கிறார். கேட்டதற்கு, “நீங்கதானுங்களே யூனிட்டைக் குறைக்கச் சொன்னீங்க” என்றார். ஒளித்து மறைத்துச் சொல்லவில்லை, பெருமையாகவே சொன்னார். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் தப்பித்துக்கொண்டது மாசிக் காற்றில் மாட்டிக்கொண்டது.

புது ரிப்போர்ட்டில் முதல் பக்கத்திலேயே, காரணம் என் பழைய யோசனைதான் என்று எழுதினேன். முதலாளி படித்துவிட்டுச் சிரித்தார், பிளான்ட்டை ஓடவிடச் சொன்னார். மிக்ஸிங்குக்கு மாற்றியவர்களில் ஒருவர் ரிங் ஃபிரேமுக்குத் திரும்பினார். இன்னொருவர், தூங்கினான் என்று பேர் வந்ததைத் தாங்காமல் அதற்குள் கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டார். பழனிப் பக்கம் ஊர் என்றார்கள். இரண்டு தடவை விசாரித்தேன். மூன்றாம் தடவை விசாரிக்கவில்லை.

தம்பி மகள் பேனாவை மூடி வைத்துவிட்டிருந்தாள். “அப்ப ரிப்போர்ட்டை எப்படித்தான் பெரியப்பா எழுதறது?” என்றாள்.

அதற்குப் பிறகு நான் செய்தது இதுதான். யாரைப் பற்றி எழுதுகிறேனோ அவருக்கு முதலில் படித்துக் காட்டினேன், முதலாளி பார்ப்பதற்கு முன்னால். ஃபிட்டரைப் பற்றி என்றால் ஃபிட்டருக்கு, புரிகிற மொழியில், முடிந்தால் ஒரே பக்கத்தில். பாதிக்குப் பாதி அவர்கள் திருத்தம் சொல்வார்கள். ராஜ்கோட்டில் குஜராத்தியும் இந்தியும் வேண்டும். ஷாப் ஃப்ளோர் ஆளை மேனேஜரை வைத்து மொழிபெயர்த்துக் கேட்காதே, பாதி வடிகட்டித்தான் வரும். பரிசு கொடுக்கச் சொல்லி எதையும் எழுதும் முன்னால், அந்தப் பரிசைச் சுலபமாக வாங்க என்ன குறுக்கு வழி இருக்கிறது என்று, அந்த வேலையைச் செய்கிறவரிடமே கேள். உடனே சொல்லிவிடுவார்கள்.

பண விஷயத்தை அவள் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். முன்பணம் வாங்காமல் ரயில் ஏறாதே. பில்லில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போடுவாய், அவர்கள் 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். பிடித்ததைக் கட்டினார்களா என்று வருமான வரித் தளத்தில் நீயே பார். ராஜ்கோட் ஹோட்டல் பில்லில் வரும் ஜி.எஸ்.டி. குஜராத்தில் விதிக்கப்படுவது, தமிழ்நாட்டில் பதிவு செய்த உனக்கு அது கழிவாகக் கிடைக்காது, கட்டணம் பேசும்போதே அதையும் சேர்த்துப் பேசு. மின்கருவியில் அடித்துத் தருகிற பஸ் டிக்கெட், டாக்ஸி ரசீதெல்லாம் ஒரே கோடையில் வெளுத்துவிடும், அன்றன்றே போட்டோ எடு. உத்யம் பதிவு செய்துகொள். உன்னைப் போன்ற சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. ஆனால் சட்டத்தைக் காட்டி நான் வாங்கிய பணம் குறைவு. அக்கவுன்ட்ஸில் செக் எழுதுகிறவரின் பெயரைத் தெரிந்துவைத்து, போகும்போதெல்லாம் இரண்டு நிமிஷம் நின்று பேசி வாங்கியது அதிகம்.

போன செவ்வாய்க்கிழமை காலை 7 மணிக்கு போன் வந்தது. பின்னால் லாரி ஹாரன், பாத்திரச் சத்தம். “பெரியப்பா, கேட்டுக்கு வெளியே நிக்கறோம். இங்க டீயைத் தட்டுல ஊத்திக் குடிக்கறாங்க, ஒரே சக்கரை.” கூட இருப்பவள் என்னவோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. கழிவைப் பற்றி ஏதாவது தெரிந்ததா என்று கேட்க வாயெடுத்தேன்.

“அப்புறம் பேசறேன் பெரியப்பா, ஷிப்ட் விடுது” என்று வைத்துவிட்டாள்.