‘க்வைட் குட்’: பாராட்டா, பரவாயில்லையா?

ஆங்கிலத்தில் ‘வெரி’யால் யாரும் ஏமாறுவதில்லை. ‘வெரி குட்’ என்றால் ரொம்ப நல்லது. லண்டனிலும் அதுதான், நியூயார்க்கிலும் அதுதான். ஆளைக் கவிழ்ப்பது ‘க்வைட்’ என்கிற சின்னச் சொல்.

அமெரிக்கர் ‘க்வைட் குட்’ என்றால் பெரும்பாலும் அது மனம் திறந்த பாராட்டு. அதையே பிரிட்டிஷ்காரர் சொன்னால், ‘ஏதோ, மோசமில்லை’ என்ற அளவில் முடிந்துவிடலாம்.

சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கும் ஒரு பெண். முதல் நான்கு வருடம் அமெரிக்க கிளையன்ட். அவர்களிடம் வாங்கிய ‘க்வைட் குட்’ எல்லாமே பாராட்டுதான். பிறகு லண்டன் ப்ராஜெக்ட்டுக்கு மாறினார். புது மேலாளரும் மூன்று மாதம் அவருடைய ரிப்போர்ட்டுகளுக்கு அதே இரண்டு வார்த்தைகளை எழுதினார். பெண் நிம்மதியாக இருந்தார். அப்ரைசலில் கிடைத்ததோ சராசரி ரேட்டிங். ‘இன்னும் கொஞ்சம் மெருகேற்றுங்கள்’ என்பதைத்தான் மூன்று மாதமாக நாசூக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாராம்! அந்த வருடச் சம்பள உயர்வு போயிற்று. மனிதர் நேராகவே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

பிரிட்டனிலேயே இந்தச் சொல் ஒரே மாதிரி நிற்காது. குட், டயர்டு, ஹாட் என்று கூடவும் குறையவும் முடிகிற சொல்லோடு சேர்ந்தால் ‘ஓரளவு’. ரைட், பர்ஃபெக்ட், இம்பாஸிபிள் போல, பாதியளவு இருக்கவே முடியாத சொல்லோடு சேர்ந்தால் ‘முழுக்க முழுக்க’. ‘க்வைட் இம்பாஸிபிள்’ என்று பதில் வந்தால் அங்கே பேரத்துக்கு இடமில்லை. பழைய பொருள் இந்த ‘முழுக்க’தான், ‘ஓரளவு’ பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இன்னொரு கூத்து, ‘க்வைட் எ ஃபியூ’. சிலர் அல்ல, நிறையப் பேர்! ‘ஃபியூ’வை நம்பி நாலு பேருக்கு உலை வைத்தால் பந்தியில் மானம் போகும்.

நேரில் பேசும்போது குரல் காட்டிக்கொடுத்துவிடும். ‘க்வைட்’டை அழுத்தினால் ஏதோ குறை ஒளிந்திருக்கிறது, ‘குட்’டை அழுத்தினால் பாராட்டின் பக்கம் சாய்கிறது. தமிழ்க் காதுக்கு இது புதிதல்ல. ‘சாம்பார் நல்லாத்தான் இருக்கு’ என்று மாமியார் இழுத்தால், எந்த மருமகளும் அதைப் பாராட்டுக் கணக்கில் எழுதிக்கொள்வதில்லை. மெயிலில் அந்த இழுப்பு கேட்காது.

அதனால் லண்டனிலிருந்து ‘க்வைட் குட்’ வந்தால், ‘வேறு என்ன சேர்க்கலாம்?’ என்று ஒரு வரி பதில் போட்டுவிடுவது நல்லது. பல சமயம் பட்டியலே வரும்.