இரண்டு டிகிரி

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பதினான்கு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டைமாடியில் பட்டரை எடுத்துக்கொண்டு நின்றார். எட்டடி தள்ளி ஒரு எவர்சில்வர் டம்ளரைப் படுக்க வைத்திருந்தேன். பந்து டம்ளருக்கு இடப்பக்கம் நாலு விரற்கடை தள்ளிப் போய் கைப்பிடிச் சுவரில் முட்டியது. இரண்டாவது பந்தும் அதே இடம். மூன்றாவதும். பத்துப் பந்து அடித்தார். பத்தும் இடப்பக்கம்தான்.

"கை போயிடுச்சும்மா" என்றார். பட்டரைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒவ்வொரு படியாக இடது காலை இழுத்து வைத்துக் கீழே இறங்கிப் போனார். நான் பந்துகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அழுதேன் என்றும் சொல்லலாம்.

நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். ஒரு பொருள் சரியான அளவில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. பத்து முறையும் ஒரே இடத்தில் தப்பாக விழுந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு உடனே உறைத்திருக்க வேண்டும். அன்றைக்கு உறைக்கவில்லை.

*

அப்பா பன்னிரண்டு வயதில் கேடி ஆனார். சென்னையில் ஒரு கோல்ஃப் மைதானம், பெயர் வேண்டாம். கோல்ஃப் என்றாலே இதைப் படிக்கிற பாதிப் பேருக்கு ஒரு எரிச்சல் வரும் என்று தெரியும். குடிக்கத் தண்ணீர் இல்லாத கோடையில் அவர்கள் புல்லுக்கு ஸ்பிரிங்ளர் ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான், எனக்கும் அது உண்டு. ஆனால் எங்கள் வீட்டு அரிசி அந்தப் புல்லில்தான் விளைந்தது.

ஒரு பையில் அதிகபட்சம் பதினான்கு மட்டைகள் வைத்துக்கொள்ளலாம். அதைத் தூக்கிக்கொண்டு பதினெட்டுக் குழி நடப்பது மட்டும்தான் கேடி வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு நல்ல டிப்ஸ் கிடைத்தது தூக்கினதுக்காக இல்லை, க்ரீனைப் படித்ததுக்காக. க்ரீன் என்றால் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டி வைத்திருக்கும் புல்தரை. எந்தப் பக்கம் சரிவு, புல் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். நம் ஊர் வெயிலுக்குப் போடுகிற பெர்முடா புல்லில் இது பெரிய விஷயம். புல் பளபளவென்று தெரிந்தால் நமக்கு முன்னால் சாய்ந்து படுத்திருக்கிறது, பந்து ஓடும். கறுத்துத் தெரிந்தால் நம்மைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது, பந்து இழுக்கும். அப்பா செருப்பு மாட்டுவதற்கு முன்பே சாய்வைச் சொல்லிவிடுவார் என்று அவர் சிநேகிதர்கள் சொல்வார்கள்.

எழுபத்திரண்டு அடியில் முடிக்க வேண்டிய ஆட்டத்தில், கணக்குப்படி முப்பத்தாறு அடி பட்டரால்தான். ஆட்டத்தில் சரிபாதி. மற்ற மட்டைகளைச் சுழற்ற பலமும் பழக்கமும் வேண்டும். பட்டரை ஒரு குழந்தைகூட ஆட்டலாம். அதனால்தானோ என்னவோ, தப்பினால் வருகிற கோபமும் இதில்தான் அதிகம்.

1994ல் அப்படித்தான் ஒரு மெம்பருக்குக் கோபம் வந்தது. மூன்றடி பந்து, குழிக்கு வெளியே போயிற்று. பட்டரை ஒரு மரத்தின் மேல் ஓங்கி அடித்தார். தண்டு வளைந்துபோயிற்று. "நீயே வெச்சுக்கோ" என்று அப்பாவிடம் எறிந்துவிட்டுப் போனார். அன்றைய கூலியைக் கொடுக்க மறந்துவிட்டார். அப்பா அதை சைதாப்பேட்டையில் ஒரு பட்டறையில் கொடுத்து நிமிர்த்தி வாங்கி வந்தார். வீட்டில் பீரோவுக்குப் பின்னால் துணி சுற்றி நின்ற அந்த மட்டைதான் அப்பாவின் ஒரே சொத்து என்று அம்மா கிண்டல் செய்வாள்.

*

அது ஒரு பிங் ஆன்சர். இதைச் செய்தவரைப் பற்றிப் படித்தபோது எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. கார்ஸ்டன் சோல்ஹைம், நார்வேயில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர், ஜெனரல் எலக்ட்ரிக்கில் பொறியாளர். தனக்குப் பட்டிங் சரியாக வரவில்லை என்பதற்காகத் தன் வீட்டு கராஜிலேயே ஒரு பட்டர் செய்தார். 1959. பந்தில் பட்டபோது 'பிங்' என்று சத்தம் வந்தது, அதுவே கம்பெனியின் பெயராயிற்று. 1966ல் வந்தது ஆன்சர். 'விடை' என்று பொருள்படும் அந்த ஆங்கிலச் சொல்லை முழுதாகப் பொறிக்க இடம் போதவில்லை. ஒரு எழுத்தைத் தூக்கிவிடுங்கள் என்று யோசனை சொன்னது அவர் மனைவி லூயிஸ். இன்றைக்கு வருகிற பட்டர்களில் பெரும்பகுதி அந்த உருவத்தின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். டைகர் உட்ஸ் தன் பதினைந்து மேஜர் பட்டங்களில் பதினான்கை ஜெயித்த ஸ்காட்டி கேமரான் பட்டரும் அந்த வம்சம்தான்.

அவர் செய்த காரியம் எளிமையானது. எடையை நடுவிலிருந்து எடுத்து இரண்டு ஓரங்களுக்குக் கொண்டுபோனார். தோளில் கம்பு வைத்து இரண்டு முனையிலும் குடம் கட்டித் தண்ணீர் தூக்குகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் சட்டென்று திரும்ப முடியாது. குடங்கள் விடாது. அதேபோல, பந்து பட்டரின் நடுவில் படாமல் கொஞ்சம் ஓரத்தில் பட்டாலும் முகம் திரும்பிக்கொள்ளாது. இப்போது வருகிற மேலட் வகை இதையே இன்னும் நீட்டி, எடையைப் பின்பக்க மூலைகளுக்குத் தள்ளுகிறது. பார்க்க ஒரு சின்ன விண்கலம் மாதிரி இருக்கும். அழகு என்று சொல்ல மாட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த வாரம் நான் அப்படி ஒன்றை செகண்ட் ஹாண்டில் பதினான்காயிரத்துக்கு வாங்கினேன். இடது கை விரல்களில் உணர்ச்சி சரியாகத் திரும்பாதவருக்கு எடை கூடினதும், பிடி தடித்ததும் நல்லது என்று எங்கேயோ படித்திருந்தேன். எங்கள் வீட்டுத் தராசில் பழையது 480 கிராம், புதியது 575. பிடி மட்டும் ஒரு கேரட் பருமன்.

அப்பா வாங்கினதும் முதலில் செய்தது, தண்டை வலது ஆள்காட்டி விரல் மேல் குறுக்காக வைத்துப் பார்த்தது. புதியதன் முகம் வானத்தைப் பார்த்துப் படுத்தது. பழையதை அப்படி வைத்தால் அதன் நுனி கீழே தொங்கும். "இது நேரா போயி நேரா வர்றவனுக்கு. நாம வளைச்சு ஆட்றவங்க" என்றார். அப்புறம் ஒரு பந்தை அடித்தார். 'தப்' என்று ஒரு சத்தம். முகத்தில் மெத்தென்று ஒரு பிளாஸ்டிக் தகடு பதித்திருந்தது.

"ஊமைம்மா இது."

"உள்ள போச்சுல்லப்பா?"

"போச்சு. எங்க பட்டுச்சுன்னு சொல்லவே மாட்டேங்குது."

எனக்குக் கோபம் வந்தது. பதினான்காயிரம். ஆனால் அவர் சொன்னதைச் சோதித்துப் பார்க்காமல் விட முடியவில்லை. தொழில் புத்தி. அவர் தூங்கின பிறகு மாடிக்குப் போனேன். இரண்டு மட்டைகளின் முகத்திலும் பாண்ட்ஸ் பவுடரைத் தூவினேன், பந்து பட்ட இடத்தில் தடம் விழும். பழையதில் நடுவில் பட்டால் ஒரு சத்தம், அரை அங்குலம் தள்ளிப் பட்டால் வேறு சத்தம், கையில் ஒரு அதிர்வு. புதியதில் எங்கே பட்டாலும் ஒரே 'தப்'. ஆனால் அரை அங்குலம் தள்ளிப் பட்ட பந்தும் கிட்டத்தட்ட அதே தூரம் போயிற்று. பழையதில் ஓரத்தில் பட்டது ஒன்றரை அடி முன்னாலேயே நின்றுவிட்டது.

பிறகு காதில் இயர்போனை மாட்டிப் பாட்டை உரக்க வைத்துக்கொண்டு பழையதை மறுபடி அடித்தேன். கையில் இருப்பதாக நான் நினைத்த 'ஃபீல்' முக்கால்வாசி காணாமல் போனது. பவுடரைப் பார்க்காமல் எங்கே பட்டது என்று சொல்ல முடியவில்லை. கைக்கு என்று நாம் நினைப்பது பெரும்பாலும் காதுக்குப் போகிறது. இடது கை மரத்துப்போன ஒருவர் ஏன் அந்தச் சத்தத்தை விட மறுக்கிறார் என்று அப்போது புரிந்தது.

அந்த ராத்திரி இன்னொன்றும் தெரிந்தது. பழையதில் நான் அடித்த பந்துகளும் இடப்பக்கமே போயின. நாலு விரற்கடை. அப்பாவின் பந்துகள் முட்டிய அதே இடம். எனக்குப் பக்கவாதம் இல்லை.

*

நடுங்குகிற கை பந்தைச் சிதறடிக்கும். ஒன்று இங்கே, ஒன்று அங்கே. பத்தும் ஒரே இடத்தில் போய் விழுந்தால் ஆளைச் சந்தேகப்படக் கூடாது, கருவியைச் சந்தேகப்பட வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது.

சனிக்கிழமை மேலதிகாரியிடம் கேட்டுவிட்டுப் பட்டரை உள்ளே கொண்டுபோனேன். செக்யூரிட்டி அதை என்ட்ரி போடத் தெரியாமல் 'இரும்புக் கம்பி 1' என்று எழுதினார். பட்டரின் பிடிக்கு முன்பக்கம் மட்டும் தட்டையாக இருக்கும், கட்டைவிரல்கள் அதன் மேல் உட்காருவதற்காக. அந்தத் தட்டைக்கு முகம் சதுரமாக இருக்க வேண்டும், அதுதான் வடிவமைப்பு. தண்டை வி-பிளாக்கில் படுக்கவைத்து, தட்டையை ரசமட்டத்துக்குக் கொண்டுவந்து, முகத்தின் இரண்டு ஓரத்திலும் டயல் கேஜை ஓட்டினேன். நூறு மில்லிமீட்டர் நீளத்தில் மூன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம். இரண்டு டிகிரி, இடப்பக்கம் மூடி. ரப்பரை வைத்து அளந்தது என்பதால் கால் டிகிரி முன்னே பின்னே இருக்கலாம். பந்து போகிற திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முகத்தின் கோணம்தான். எட்டடியில் இரண்டு டிகிரி என்பது சுமார் 85 மில்லிமீட்டர். குழியின் அகலமே 108, நடுவிலிருந்து ஓரத்துக்கு 54. உள்ளே போக வழியே இல்லை.

கேஜை எடுத்து வைத்த பிறகுதான் பிடியைக் கவனித்தேன். வலது கட்டைவிரல் இருந்த தேய்மானம் தட்டையின் நடுவில், சரியான இடத்தில். மேலே, இடது கட்டைவிரலின் தேய்மானம் தட்டையிலேயே இல்லை. அதன் வலது விளிம்பில், ஏறக்குறைய பக்கவாட்டில், ஒரு புளியங்கொட்டை அளவுக்குப் பள்ளம். முப்பது வருஷமாக அந்த விரல் அங்கே உட்கார்ந்து, அந்த இரண்டு டிகிரியைத் திருப்பிச் சரி செய்துகொண்டிருந்தது. இப்போது அந்த விரலுக்குத்தான் எதுவும் தெரியவில்லை. பார்த்து வைத்தால் தட்டையின் மேல்தான் வைப்பார், எல்லாரும் அங்கேதான் வைப்பார்கள்.

பஸ்ஸில் வரும்போது இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அவரிடம் சொந்தமாக இருந்த ஒரே மட்டை முதல் நாளிலிருந்தே கோணல் என்பதை. கை போகவில்லை என்பது நல்ல செய்தி. மற்றது?

சாப்பிடும்போது சொன்னேன். தாளில் வரைந்து காட்டினேன்.

"தெரியும்மா" என்றார்.

"எப்போ?"

"தொண்ணூத்தி நாலுலயே. பட்டறைக்காரரு தண்ட நிமித்துறப்பவே திருகிட்டாரு. நான் நின்னு பாத்துட்டுதான இருந்தேன்."

"அப்ப பிடிய மட்டும் கழட்டி கொஞ்சம் திருப்பி ஒட்டியிருக்கலாமேப்பா. அஞ்சு நிமிஷ வேலை."

அப்பா வலது கையால் ரசத்தை ஊற்றிக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. திங்கட்கிழமை காலையில் கேடிகள் ஆடிக்கொள்ள விடுவார்கள். யாரிடமும் முழு செட் கிடையாது, மட்டைகளை மாற்றி மாற்றி ஆடுவார்கள். க்ரீனுக்கு வந்தால் எல்லாருக்கும் அப்பாவின் பட்டர்தான். குழிக்குப் பத்து ரூபாய் பந்தயம்.

"சரி பண்ணிட்டா எல்லாரும் போட்ருவாங்களே" என்றார்.

எத்தனை வருஷம் என்று கேட்டேன். யாருமே கண்டுபிடிக்கவில்லையாம். அவரவர் கையைத்தான் திட்டிக்கொண்டார்கள். என் ஒன்பதாவது வகுப்பு சைக்கிளில் பாதிப் பணம் அதுதான் என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னாள்.

இந்தியன் ஓப்பனை ஜெயித்த முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், 1991. டெல்லியில் கேடியாக இருந்தவர். 2009ல் ஜெயித்த பெங்களூர் முனியப்பாவும் கேடிதான். இந்த இரண்டு பெயரையும் அப்பா குலசாமி பெயர் மாதிரி சொல்வார். நீயும் போயிருக்கலாமேப்பா என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன், பதில் சொன்னதில்லை. அன்றைக்கும் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கோணல் மட்டையில் அந்த அளவுக்கு ஆடியவர் நேரான மட்டையில் எப்படி ஆடியிருப்பார் என்பதற்கு அளக்கிற கேஜ் எதுவும் என்னிடம் இல்லை.

*

இப்போது ஞாயிறு சாயங்காலங்களில் மாடியில் ஆடுகிறோம். புதியதை அப்பா எடுத்துக்கொள்கிறார். முகத்தில் இருந்த மெத்தைத் தகட்டின் மேல் என்னிடம் கேட்காமலே ஒரு சின்னத் தகரத் துண்டைப் பசை போட்டு ஒட்டிவிட்டார். போட்டி விதிப்படி அது செல்லாது, எங்கள் மாடியில் செல்லும். சத்தம் கொஞ்சம் வருகிறது. நல்ல சத்தம் என்று சொல்ல முடியாது, தகர டப்பாவைச் சுண்டின மாதிரி. அவருக்குப் போதுமாம். பத்தில் ஆறு போடுகிறார். பிசியோ அம்மா வந்தபோது அவர்களுக்கும் ஒருமுறை ஆடிக் காட்டினார்.

பழையது எனக்கு. பிடியைத் திருப்பி ஒட்டட்டுமா என்று இரண்டு முறை கேட்டுவிட்டேன், தொடக் கூடாது என்கிறார். இடது கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தேன். என் விரல் சிறியது, சரியாக உட்காரவில்லை. பந்து இப்போது இடப்பக்கம் இரண்டு விரற்கடைதான் தள்ளிப் போகிறது.

"பத்து ரூபா" என்கிறார் அப்பா, இடது கையை நீட்டி. காசை விரல்களுக்கு நடுவில் நானே வைத்து மூடிவிட வேண்டும். போன வாரம் மட்டும் நாற்பது ரூபாய் போயிற்று.