தரங்கம்பாடியில் இரு நாட்கள்

புனேவில் வாழும் தமிழர்க்குத் தரங்கம்பாடி அயலூர் அன்று. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவுடன் டேனியர் அத்துறையிற் கோட்டை எழுப்பினர். 1706இல் சீகன்பால்கு வந்திறங்கியபோது தஞ்சையை ஆண்டவரோ, புனே மண்ணில் வளர்ந்த சிவாஜியின் தம்பி ஏகோஜியின் மைந்தர். அம்மரபினர் ஆட்சியிலேயே தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் முழுமையாக அச்சேறிற்று.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் செப்பனிடப்பெற்ற பழைய மனைகளைக் கண்டவாறே ராஜ வீதியில் நடந்தோம். கடலோரத்தில், பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியை அலைகள் விழுங்கியிருந்தன.

உடன்வந்த பேத்தி, கோட்டைப் பலகையின் தமிழை எழுத்துக்கூட்டத் தொடங்கி, பாதியில் ஆங்கில வரிக்குத் தாவிவிட்டாள். சுவரைச் செப்பனிடக் கொத்தர் உளர். இது நம் வீட்டுப் பணி. அன்று மாலையே, அச்சேறிய அவ்வெழுத்துகளை அவளுக்குக் கடற்கரை மணலில் எழுதிக் காட்டினேன்.