கண்ணும் கருவியும்

விழா மலருக்கு எமது தொழிலைப் பற்றி மாணவர்க்குப் பயன்படத்தக்க கட்டுரையொன்று வரைந்து தருமாறு மலர்க்குழுவினர் பணித்தனர். வலைத்தளங்களை வடிவமைத்தல் எமது தொழில். அத்தொழிலில், வெளியார்க்குச் சிறிதாகத் தோன்றி உள்ளிருப்போரைப் பெரிதும் வருத்துவது ஒன்றுண்டு. கணினித் திரையில் நிறத்தைப் பிழையறக் காணுதலே அது.

"நிறத்தைக் காண்பதற்குக் கண் போதாதோ?" என அன்பர் சிலர் வினவுவர். போதாது என்பதே எமது விடை. கண் சிறந்த கருவியேயாயினும் எதற்கும் இணங்கிப்போகும் இயல்புடையது. மஞ்சள் ஒளி வீசும் மின்குமிழின் கீழ் வெண்தாளொன்றை வைத்தால், அதிலிருந்து வருவது மஞ்சள் கலந்த ஒளியே. எனினும் சிறிது நேரத்தில் கண் அதனை வெள்ளையென ஏற்றுக்கொள்கின்றது. அவ்வாறே, நீலம் மிகுந்த திரையின் முன் காலை முழுவதும் இருப்பவர்க்கு அந்நீலம் புலப்படுவதில்லை. வாழ்க்கைக்கு உதவும் இவ்விணக்கம் நிறத்தை அளப்பதற்கு இடையூறாகின்றது.

திரையிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளின் கலப்பாகும். ஒவ்வோர் ஒளியின் அளவும் பொதுவாக 0 முதல் 255 வரையுள்ள எண்ணாற் குறிக்கப்படும். இம்முறையில் 16,777,216 நிறங்களைக் குறிக்கலாம். ஆயின் எண் வேறு, நிறம் வேறு. சிவப்பு 200 என்றால், எந்தச் சிவப்பு, எத்துணை ஒளி என்னும் வினாக்கள் எஞ்சி நிற்கும். கொத்தின் அளவு கடைக்குக் கடை வேறுபடின் அரிசி வாங்குவோர் நிலை என்னாகும்? இக்குறையை நீக்கும்பொருட்டு 1996ஆம் ஆண்டில் ஹியூலெற் பக்கார்ட், மைக்ரோசொஃப்ற் ஆகிய நிறுவனங்கள் எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் பொது அளவையை முன்மொழிந்தன. சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழு 1999இல் அதனை நியமமாக ஏற்றது. மூன்று ஒளிகள் எவை, வெள்ளை எது, எண் ஏறுந்தோறும் ஒளி எவ்வாறு ஏறவேண்டும் என்பவற்றை அது வரையறுத்தது. அதன் வெள்ளை ஏறக்குறைய 6500 கெல்வின் நிறவெப்பநிலையுடைய பகலொளியாகும்.

இவ்வளவையைப் புறக்கணித்தால் விளையும் துன்பத்தை யாம் ஒருமுறை நேரிற் கண்டோம். பெண்கள் சிலர் கூடி நடத்திய சிறு நெசவு நிலையம் ஒன்று தன் கைத்தறிச் சேலைகளை வலைத்தளத்தின் வழியே விற்று வந்தது. வெளிநாட்டிலிருந்து வாங்கியோர், "படத்திற் கண்டது குங்குமச் சிவப்பு, கைக்கு வந்தது மங்கிய அரக்கு" எனக் கூறிச் சேலைகளைத் திருப்பியனுப்பினர். தபாற்செலவு நட்டமாயிற்று. அதனினும் கொடிது, சாயம் தோய்த்த முதியவள் மீது பழி விழுந்தமை. நாற்பது ஆண்டு பழகிய அவள் கைகளை உடன் உழைத்தோரே ஐயுற்றனர்.

அத்தளத்தைப் புதுக்கித் தருமாறு எம்மை அழைத்தபோது, படங்களைச் செம்மைசெய்த கணினியின் திரையை முதலில் அளந்தோம். அதிற் சிவப்பொளி மிகக் குறைந்திருந்தது. ஆகவே படத்தைத் திருத்தியவர், தம் கண்ணுக்குச் சேலையின் நிறம் வரும்வரை சிவப்பைக் கூட்டியிருக்கின்றார். அவர் திரையில் அது பொருந்திற்று. உலகத்தார் திரைகளில் மிகையாயிற்று. சாயத்திற் குற்றமில்லை என்பதை அப்பெண்களுக்கு விளக்கினோம். முதியவள் ஒன்றும் பேசாது அடுத்த பாவுக்கு நூல் எடுத்தாள்.

அளக்கும் முறை கடினமானதன்று. திரையை அரைமணி நேரம் எரியவிடுதல் வேண்டும். அறையில் வெயில் நேரே படலாகாது. இரவில் ஒளியை மஞ்சளாக்கும் வசதி இருப்பின் அதனை நிறுத்துதல் வேண்டும். பின்னர் நிறமானி என்னும் சிறு கருவியைத் திரைமீது பொருத்தினால், கணினி அறிந்த எண்களையுடைய நிறங்களை ஒவ்வொன்றாகக் காட்டும். கருவி வெளிப்பட்ட ஒளியை அளக்கும். இரண்டிற்குமுள்ள வேறுபாடு ஒரு கோப்பிற் பதியப்பட, கணினி அதனைக்கொண்டு நிறங்களைத் திருத்திக் காட்டும். திரை நாளடைவில் மாறுமாதலால் யாம் இதனை மாதந்தோறும் செய்கின்றோம். முடிவுற்ற படத்தை எஸ்.ஆர்.ஜி.பி. அளவைக்கு மாற்றி, அவ்வளவைக் குறிப்பையும் படத்தினுள் வைத்தே வெளியிடுகின்றோம்.

"பார்ப்போர் திரைகள் பல்லாயிரம். அவற்றைத் திருத்த முடியாதபோது உமது திரை ஒன்றைத் திருத்தி என்ன பயன்?" எனக் கேட்பார் உளர். நியாயமான கேள்வியே. பிறர் திரைகள் பல திசைகளிற் பிழைபடுகின்றன. ஒன்றில் நீலம் மிகும், ஒன்றில் ஒளி குறையும். எமது படம் நடுநிலையில் நின்றால், ஒவ்வொருவரும் தத்தம் திரையின் பிழையை மட்டுமே காண்பர். எமது படமே சாய்ந்திருப்பின், அச்சாய்வு அனைவர் பிழையோடும் சேரும்.

கல்லூரி ஆய்வுகூடத்திற் பொருளை வைக்குமுன் தராசைச் சமன்செய்யுமாறு ஆசிரியர்கள் எமக்குக் கற்பித்தனர். எத்தொழிலிற் புகும் மாணவரும் அப்பாடத்தை மறவாதிருப்பாராக. ஒருவர் கைத்திறனைக் குறைகூறுமுன், நாம் பார்க்கும் திரையை அளந்துகொள்வது அறமாகும்.