எண்கு

சிவபூஜையில் கரடி நுழைந்தாற்போல என்று யாராவது சொன்னால் போதும், புலவர்கள் திருத்தத் தயாராகிவிடுவார்கள். அது மிருகம் அல்லவாம். கரடிகை என்ற தோற்கருவியாம். பூஜை நேரத்தில் அதை முழக்குவார்களாம். விளக்கம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கோத்தகிரிப் பக்கத்து மலைக் கிராமங்களில் இந்தத் திருத்தம் செல்லாது. அங்கே நிஜக் கரடியே இரவில் கோயில் கதவை உடைத்து உள்ளே போய், விளக்கில் மிஞ்சிய எண்ணெயைக் குடித்துவிட்டு வருகிறது.

எங்கள் நாஞ்சில் நாட்டுக்கும் கரடிக்கும் உள்ள உறவு புதிதல்ல. பொற்றையடிக்குப் பக்கத்தில் நிற்கும் மருந்துவாழ்மலை, அநுமன் தூக்கிக்கொண்டு பறந்த சஞ்சீவி மலையிலிருந்து உதிர்ந்த துண்டு என்பது இங்கே குழந்தைகளுக்கும் தெரிந்த கதை. அநுமனை மருந்துக்கு அனுப்பியது யார்? கரடிகளின் அரசன் ஜாம்பவான்தான். சுசீந்திரத்தில் அநுமனுக்கு வடைமாலை சாத்துகிறார்கள். வழி சொன்ன கிழவனை யாரும் நினைப்பதில்லை.

இது புராணக் கரடி. இரத்தமும் நகமும் உள்ள கரடி இருப்பது வடக்கே, பூதப்பாண்டியைத் தாண்டி, தடிக்காரன்கோணம், கீரிப்பாறை, காளிகேசம் என்று ஏறிப் போகும் மலைகளில். என் சித்தி மகனுக்கு அந்தப் பக்கத்தில் கொஞ்சம் ரப்பர் தோட்டம் உண்டு. அங்கே பால் வெட்டுகிறவர் அறுபதை நெருங்கியவர்; நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவது. ஒரு வைகாசி மாதம் விடிவதற்கு முன்னால் அவரோடு தோட்டத்தின் மேல் எல்லைவரை நடந்தேன். அவர் நெற்றியில் விளக்கு. என் கையில் ஒரு டார்ச்.

வழியில் சட்டென்று நின்று கையை நீட்டி என்னை மறித்தார். எங்கோ கொல்லன் துருத்தி ஊதுவதுபோல ஒரு சத்தம். 'புஸ்' என்று ஊதல். உடனே தொண்டை அடைத்தவன் சளியை உறிஞ்சுவதுபோல நீண்ட இழுப்பு. மறுபடியும் ஊதல்.

"பேசாம நில்லுங்க சாரே. புத்து உறிஞ்சுதான்" என்றார்.

பிறகு அவர் செய்ததுதான் எனக்கு விளங்கவில்லை. பேசாமல் நிற்கச் சொன்ன மனிதர், தாமே உரக்க இருமினார். பால் கத்தியின் பிடியால் மரத்தில் நாலு தட்டுத் தட்டினார். துருத்தி நின்றது. ஐம்பது அடிக்கு அப்பால் ஒரு கரிய உருவம் பின்னங்கால்களில் எழுந்தது. மார்பில் ஒரு வெள்ளைக் கோடு வைக்கோல் நிறத்தில் வளைந்து தெரிந்தது. மூக்கை மேலே தூக்கி, இப்படியும் அப்படியும் காற்றைத் துழாவிற்று. நாங்கள் மெல்லப் பின்வாங்கினோம். அதுவும் நாலு காலில் இறங்கி, புதரை முறித்துக்கொண்டு காட்டுப் பக்கம் போய்விட்டது. என் முழங்கால்கள் பழைய நிலைக்கு வர வெகுநேரம் ஆயிற்று.

"எழும்பி நின்னா அடிக்க வாறான்னு நெனைப்பாவ. மணம் புடிக்கான், அவ்வளவுதான். அவனுக்குக் கண்ணும் காதும் போராது. சத்தம் இல்லாமப் போய் அவன் முன்னால நின்னாத்தான் ஆபத்து" என்றார் அண்ணாச்சி.

அவர் சொன்னது பிராணி சாஸ்திரத்துக்கும் ஒத்து வருகிறது. இந்தக் கரடிக்கு மேல்வரிசையில் நடுப் பற்கள் இரண்டு கிடையாது. அந்த இடைவெளி வழியாகத்தான் கரையானை உறிஞ்சுகிறது. உதடுகள் குழல்போல நீளும். புழுதி ஏறாதபடி மூக்குத் துவாரங்களை மூடிக்கொள்ள முடியும். புற்றை நகத்தால் பிளந்து, புழுதியை ஊதித் தள்ளி, பிறகு இழுக்கும். இத்தனை இரைச்சலுக்கு நடுவே தலையைப் புற்றுக்குள் விட்டிருக்கும் பிராணிக்கு மனிதன் வரும் காலடி எப்படிக் கேட்கும்? நிமிரும்போது அவன் பக்கத்தில் நிற்கிறான். ஓடித் தப்பலாம் என்றால் அது மனிதனைவிட வேகமாக ஓடும், மரத்திலும் ஏறும். ஆகவே புலியிடமும் யானையிடமும் தப்பி வளர்ந்த அதன் இனம், திடுக்கிட்டால் முதலில் அடிப்பது என்ற பழக்கத்தைக் கைக்கொண்டிருக்கிறது. அடி பெரும்பாலும் முகத்தில்தான் விழுகிறது.

1791ஆம் வருஷத்தில் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேயர் இதன் நீண்ட நகங்களையும் விழுந்த பற்களையும் பார்த்துவிட்டு, தென் அமெரிக்காவில் கிளையில் தலைகீழாகத் தொங்கும் சோம்பேறிப் பிராணியின் உறவு என்று எழுதி வைத்தார். ஆங்கிலத்தில் அந்தச் சோம்பேறிப் பட்டம் இன்றுவரை போகவில்லை. இரவெல்லாம் மண் தோண்டும் கூலிக்காரனுக்கு இப்படி ஒரு பெயர். நம் சங்கப் புலவர்களுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. எண்கு என்றும் உளியம் என்றும் பெயர் சொல்லி, அது இரவில் புற்றைத் தோண்டுவதையும் இலுப்பைப் பூவைத் தின்பதையும் பாடியிருக்கிறார்கள். தலைவன் வரும் வழியில் கரடி இருக்கிறதே என்று தோழி பயப்படுவாள். இரண்டாயிரம் வருஷங்களாக அந்தப் பயத்தில் மாற்றம் ஒன்றும் இல்லை. ஆள்தான் மாறியிருக்கிறான். இப்போது இருட்டில் வழி நடப்பவன் தலைவன் அல்ல, பால் வெட்டுகிறவன்.

அந்த வருஷமே அது வீட்டுக்கும் வந்துவிட்டது. சித்தி மகன் வீட்டுக் கொல்லையில் ஒரு கூழன்சக்கை மரம். பழுத்து விழுந்த சக்கை இரண்டை ராத்திரி யாரோ பிளந்து சுளை மட்டும் தின்றிருந்தார்கள். காலையில் சேற்றில் பாதத் தடம். ஏறக்குறைய மனிதக் கால் மாதிரியே, ஆனால் விரலுக்கு முன்னால் நகக் குழிகள். சித்தி அதைப் பார்த்துவிட்டு, "பிள்ளையையும் முதுகில தூக்கிக்கிட்டுல்லா வந்திருக்கும்" என்றாள். இந்தக் கரடி குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு திரியும் என்பது உண்மை. மற்றக் கரடி இனங்களுக்கு இந்த வழக்கம் இல்லை. அன்றைக்கு வந்தது தாயா, தனியனா என்று அவள் எப்படிக் கண்டாள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த நாளே விழுந்த சக்கைகளைப் பொறுக்கிக் குழியில் மூடினார்கள். பழுக்கும் முன்பே காய்களை வெட்டி இறக்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மட்டும், கூண்டு வைத்துப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லி வனத்துறைக்கு எழுத வேண்டும் என்று நின்றார்.

பிடித்துக்கொண்டு போவது என்றால் என்ன என்பதை, இதே மலையின் கிழக்குச் சரிவில் 2022 நவம்பரில் பார்த்தோம். தென்காசி மாவட்டம் கடையம் அருகே மோட்டார் சைக்கிளில் போன மசாலா வியாபாரியை ஒரு கரடி தள்ளி முகத்தைக் குதறிற்று. காப்பாற்ற ஓடிய இருவரையும் விடவில்லை. மயக்க ஊசி போட்டு அதைப் பிடித்துக் களக்காட்டு மலையில் விட்டார்கள். ஓரிரு நாளில் அது செத்துக் கிடந்தது. குதறப்பட்ட முகத்தோடு மிச்ச ஆயுளைக் கழிக்க வேண்டிய அந்த மனிதர்களிடம் போய்க் கரடிக்காக வாதாட எனக்குத் தைரியம் இல்லை. கரடி செத்ததில் அவர்களுக்கு என்ன திரும்பக் கிடைத்தது என்றும் எனக்குத் தெரியவில்லை.

ரப்பர் பால் குளிர்ந்த வேளையில்தான் நன்றாக இறங்கும். வெயில் ஏறினால் சிரட்டை நிறையாது. சிரட்டை நிறையாவிட்டால் கூலி குறையும். எனவே கரடி இருக்கிறது, விடிந்து போகலாம் என்பது அண்ணாச்சிக்குச் சொல்லக்கூடிய யோசனை அல்ல. செல்போனில் பாட்டுப் போட்டுக்கொண்டு போகும்படி சித்தி மகன் சொல்லிப் பார்த்தான். "பாட்டுக் கேட்டுக்கிட்டுப் போனா அவன் உறிஞ்சுத சத்தம் எனக்குக் கேக்காண்டாமா?" என்று மறுத்துவிட்டார்.

இப்போது இடுப்பில் ஒரு ஆட்டுமணி கட்டிக்கொண்டு போகிறார். ஊருக்குள் நடக்கும்போது, பிள்ளைகள் விழித்துக்கொள்ளும் என்று அதன் வாயில் ஒரு துணியைத் திணித்திருப்பார். கடைசி வீடு தாண்டியதும் துணியை உருவி மடியில் செருகிக்கொள்கிறார்.